பிறர் பெயர் காத்த பெருந்தேவி

நுழையும்முன்

செல்வம் படைத்தோர் கலைகளை வளர்ப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். அவ்வாறு வளர்த்தவர் தம் பெயர் நிலைக்க வேண்டும் என விரும்புவதும் இயல்பே. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழப் பேரரசி ஒருவர், அறுபது ஆண்டுக்காலம் தம் செல்வத்தைக் கலைப்பணிக்கு ஈந்தார். தமக்கு முன்னே கொடுத்தவர்களின் பெயர்களையும், தம்மிடம் பணியாற்றிய கலைஞரின் பெயரையும் அழியாமற் காத்தார். அவரது வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

மழநாட்டு மகள்

காவிரியும் கொள்ளிடமும் வளஞ்சேர்க்கும் சோழ மண்டலத்தின் மேற்குப் பகுதியில், ஆற்றின் வடகரையை ஒட்டி அமைந்திருந்தது மழநாடு. அதனை ஆண்ட தலைவர்கள் மழவரையர் எனப்பட்டனர். படைவலியும் நிலவளமும் மிக்க அக்குடியில் தோன்றியவர் செம்பியன் மாதேவியார். சித்திரைத் திங்கள் கேட்டை அவர் பிறந்த நாண்மீன். பிற்காலத்தில் அரசியாகவும் அரசனின் தாயாகவும் உயர்ந்த பின்னரும், கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகளார் என்றே அறிமுகப்படுத்துகின்றன. பிறந்த குடியின் பெயரை அவர் இறுதிவரை விடவில்லை.

அந்நாளில் சோழநாட்டை ஆண்டவன் முதலாம் பராந்தகன். 907ஆம் ஆண்டு அரியணை ஏறிய அவன் காலத்தில் சோழ அரசு தெற்கே பாண்டிய நாட்டையும் வடக்கே தொண்டை மண்டலத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டிருந்தது. காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் தெற்கே அமைந்த உத்திரமேரூரில், ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகள் கல்லில் வெட்டப்பட்டதும் அவனது ஆட்சியில்தான். ஒரு சிற்றூரின் சபை விதி முதல் ஓர் ஆட்டிடையன் ஏற்ற கடமை வரை அனைத்தையும் கல்லில் எழுதி வைத்த காலம் அது. ஏடு அழியும், வாய்மொழி மாறும், கல்லில் வெட்டியது நிற்கும் என்று அக்கால மக்கள் நம்பினர்.

அத்தகைய அரசகுடியில் மருமகளாகப் புகுந்தார் செம்பியன் மாதேவியார். பராந்தகனின் மைந்தருள் ஒருவனாகிய கண்டராதித்தன் அவரை மணந்தான். பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 941ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்கு அவர் அளித்த விளக்குக்கொடை அவரது அறப்பணிகளின் தொடக்கமாக அறியப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

*நந்தா விளக்கு: கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு நந்தா விளக்கு எனப்பட்டது. இதற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் உரிய அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்து தர வேண்டும். ஆடுகள் இனம்பெருகுவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்னும் கருத்தில், அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. கொடுத்த முதல் குறையாமல் பயன் மட்டும் தொடர்ந்து கிடைக்கும் ஏற்பாடு இது.*

போரும் இழப்பும்

மணமாகிச் சில ஆண்டுகளிலேயே சோழ அரசைப் பேரிடர் சூழ்ந்தது. 949ஆம் ஆண்டில் தொண்டை மண்டலத்துத் தக்கோலம் என்னும் ஊரில் சோழர் படையும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையும் மோதின. பராந்தகனின் மூத்த மகனும் பட்டத்து இளவரசனுமாகிய இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே களத்தில் உயிர் நீத்தான். காஞ்சி உள்ளிட்ட வடபகுதி சோழர் கையைவிட்டு நீங்கியது. அண்ணன் இறந்தமையால் ஆட்சிப் பொறுப்பு கண்டராதித்தன்மேல் விழுந்தது. சுருங்கிய நாட்டுக்கும் சோர்ந்த படைக்கும் தலைவனாக அவன் முடிசூடினான்.

கண்டராதித்தன் சிவநெறியில் தோய்ந்த உள்ளத்தினன். செந்தமிழ்ப் புலமையும் உடையவன். தில்லைக் கூத்தப்பெருமானைப் போற்றி அவன் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையாகிய திருவிசைப்பாவில் இடம்பெற்றுள்ளது. அவனது ஆட்சி நெடிது நிலைக்கவில்லை. 957ஆம் ஆண்டளவில் அவன் மறைந்தான். கல்வெட்டுகளில் அவன் மேற்கெழுந்தருளின தேவர் எனக் குறிக்கப்படுகிறான்.

கணவன் மறைந்தபோது மகன் மதுராந்தகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் பருவத்தை அடையவில்லை. அரியணை கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் உரியதாயிற்று. அரசனின் துணைவி என்னும் நிலை நீங்கியது. அரசனின் தாய் என்னும் நிலை வாய்க்குமா என்பதும் தெளிவில்லாதிருந்தது. கையில் எஞ்சியவை அவருக்கு உரிமையான செல்வமும் அரசகுடியினர் அவர்பால் கொண்ட மதிப்புமே ஆகும்.

கணவனை இழந்த அரசியர் உடன்கட்டை ஏறும் வழக்கம் அக்குடியில் இருந்தது. சுந்தர சோழன் இறந்தபோது அவன் தேவி வானவன் மாதேவி அவ்வாறு உயிர் நீத்தாள். அவள் மகனே பின்னர் முதலாம் இராசராசனாகப் புகழ்பெற்றான். செம்பியன் மாதேவியார் வாழ்வைத் தேர்ந்தார். கணவனுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, அவர் ஆற்றிய பணிகள் தமிழகக் கலைவரலாற்றில் ஒரு காலப்பிரிவுக்கு அவர் பெயரையே சூட்டும் அளவுக்குச் சிறந்தன.

செங்கல் கற்றளியாதல்

அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய சோழநாட்டுக் கோயில்களுட் பல செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. ஆற்று வெள்ளமும் பருவமழையும் அவற்றை அரித்தன; செடிகொடிகள் வேர்விட்டுச் சுவரைப் பிளந்தன. பாடல் நிலைத்திருக்க, பாடப்பெற்ற கோயில் இடிந்துபோகும் நிலை இருந்தது. இக்கோயில்களைக் கருங்கல்லால் திரும்ப எடுப்பிக்கும் பணியைச் செம்பியன் மாதேவியார் மேற்கொண்டார். கல்லால் எழுப்பப்பட்ட கோயில் கற்றளி எனப்படும்.

இப்பணி எளிதன்று. காவிரிப் படுகை வண்டல் நிலம். அங்கே பாறை இல்லை. கல்லைத் தொலைவிலிருந்து கொணர வேண்டும். அதனை உடைப்போர், சுமப்போர், வண்டியோட்டுவோர், செதுக்குவோர், அடுக்குவோர் என ஒரு கோயிலுக்குப் பலர் பல்லாண்டு உழைக்க வேண்டும். அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க வேண்டும். கோயில் எழுந்தபின் பூசை, விளக்கு, இசை, திருவிழா ஆகியன தடையின்றி நடக்க நிலம் ஒதுக்க வேண்டும். அரசியாரின் செல்வம் இவ்வாறு பல கைகளுக்குச் சென்று சேர்ந்தது. அச்செல்வத்தின் மூலமோ காவிரி நிலத்து உழவர் விளைவித்த நெல்லேயாகும். கலைக்குப் பின்னே கலப்பை இருந்தது என்பதை மறத்தலாகாது.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லம், ஆடுதுறை எனப்படும் தென்குரங்காடுதுறை, குத்தாலமாகிய திருத்துருத்தி, விருத்தாசலமாகிய திருமுதுகுன்றம், ஆரூர் அரநெறி, திருமணஞ்சேரி, ஆனாங்கூர், திருக்கோடிக்காவல், திருவக்கரை ஆகியனவும், தம் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கயிலாயநாதர் கோயிலும் அவர் எடுப்பித்த கற்றளிகள் எனக் கலைவரலாற்று அறிஞர் குறிப்பர். விருத்தாசலத்தில் உத்தம சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் கருவறையோடு நீராட்டு மண்டபமும் கோபுரமும் சுற்றாலைகளும் அவர் கொடையால் எழுந்தன.

சுவரில் மலர்ந்த சிற்பங்கள்

இக்கோயில்கள் பெரும்பாலும் அளவிற் சிறியவை. ஆனால் சோழர் கலை வளர்ச்சியில் அவற்றுக்குத் தனியிடம் உண்டு. முற்காலச் சோழர் கோயில்களில் கருவறைப் புறச்சுவரின் மாடங்கள் குறைவாகவே இருந்தன. தெற்கே தென்முகக் கடவுள், மேற்கே திருமால் அல்லது இலிங்கோற்பவர், வடக்கே நான்முகன் என்பது பெருவழக்கு. செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களில் முன்மண்டபச் சுவர்களிலும் மாடங்கள் பெருகின. பிள்ளையார், அகத்தியர், ஆடல்வல்லான், இரந்துண்ணும் கோலத்துச் சிவபெருமான், மாதொருபாகன், கொற்றவை எனப் பல திருவுருவங்கள் அவற்றில் இடம்பெற்றன.

ஆடல்வல்லான் உருவத்தைத் தென்சுவர் மாடத்தில் முறையாக அமைத்தது இக்காலத்துக் கோயில்களின் சிறப்பு. கணவன் பாடிய தில்லைக் கூத்தனை, மனைவி ஊர்தோறும் கல்லில் ஆடச் செய்தார். பிற்காலச் சோழர் அந்த வடிவத்தை நாடு முழுவதும் பரப்பினர். இன்று அது தமிழர் கலையின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படுகிறது.

செப்புத்திருமேனிக் கலையும் இக்காலத்தில் உயர்நிலை எய்தியது. மெழுகில் உருவஞ்செய்து, அதன்மேல் மண்பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பது இக்கலையின் முறை. அச்சினை உடைத்தே திருமேனியை வெளியில் எடுக்க வேண்டுமாதலின், ஒருமுறை வார்த்த அச்சினால் மற்றொன்றை வார்க்க இயலாது. ஆகவே ஒவ்வொரு திருமேனியும் தனிப்படைப்பாகும். செம்பியன் மாதேவியார் காலத்துத் திருமேனிகள் மெலிந்து நீண்ட உடலமைப்பும் மென்மையான வளைவுகளும் உடையவை. அறிஞர் இப்பாணியை அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

சிற்பாசிரியருக்குச் செய்த சிறப்பு

திருநல்லத்துக் கற்றளியைச் செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எடுப்பித்தார். அக்கோயிலின் தென்சுவரில் சிறியதொரு புடைப்புச் சிற்பம் உள்ளது. சிவலிங்கத்தின் முன் அரசன் ஒருவன் வழிபடும் காட்சி அது. அவ்வழிபடும் உருவம் கண்டராதித்த தேவர் என்பதையும், அவர் பெயரால் தேவியார் இக்கற்றளியைச் செய்வித்தார் என்பதையும் அதன்கீழ் வெட்டப்பட்ட எழுத்துகள் அறிவிக்கின்றன. தக்கோலத் தோல்விக்குப் பின் அரசேற்றுச் சில ஆண்டுகளே ஆண்டு மறைந்த ஒருவனை, வென்ற நாடுகளின் பட்டியலால் நினைவிற் கொள்ள வழியில்லை. மனைவியார் அவனை அவன் விரும்பிய கோலத்திலேயே நிலைபெறச் செய்தார்.

அதே கோயிலில் மற்றோர் உருவமும் உண்டு. அஃது அரசகுடியைச் சேர்ந்தவருடையது அன்று. அக்கற்றளியைக் கட்டிய சிற்பாசிரியருடையது. ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் ஆன அரசரணசேகரன் என்னும் அவரது முழுப்பெயரும், அவர் தேவியாரின் ஆணைப்படி இக்கோயிலை எடுத்தார் என்பதும், இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்றார் என்பதும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மூவேந்தவேளான் என்பது அரசின் உயர் அலுவலர் பெறும் பட்டம். உளிபிடித்த கைக்கு அதே மதிப்பு வழங்கப்பட்டது.

உலகின் புகழ்பெற்ற பழங்கட்டடங்கள் பலவற்றில் கட்டுவித்தவர் பெயரே எஞ்சியுள்ளது. கட்டியவர் பெயர் மறைந்துவிட்டது. திருநல்லத்தில் இருவர் பெயரும் ஒரே சுவரில் வாழ்கின்றன. ஒரு தலைமுறைக்குப் பின் இராசராசன் தஞ்சையில் எடுத்த பெரிய கோயிலிலும் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் சிற்பாசிரியரின் பெயர் கல்லிலே காணப்படுகிறது.

பழங்கல்லைப் படியெடுத்தல்

செம்பியன் மாதேவியாரின் உள்ளப்பாங்கை மிகத் தெளிவாகக் காட்டுவது திருக்கோடிக்காவல். தஞ்சை மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்துள்ள அவ்வூர்க் கோயிலையும் அவர் கற்றளியாக்கினார். பழைய கட்டடத்தைப் பிரித்தபோது ஓர் இடர் எழுந்தது. பல்லவர், பாண்டியர் காலம் முதலாகப் பலர் அக்கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கூறும் எழுத்துக் கற்கள் ஆங்காங்கே கிடந்தன. ஒருவர் விளக்குக்குப் பொன் கொடுத்திருந்தார். மற்றொருவர் அமுதுபடிக்கு நிலம் கொடுத்திருந்தார். அவர்களுட் பலர் சோழருக்கு உறவினர் அல்லர். அவர்தம் அரசர்களோ சோழரின் பழம்பகைவர்.

புதிய கோயில் எழும்போது அக்கற்களை அடித்தளத்தில் இட்டு மூடியிருக்கலாம். தம் கொடையை மட்டும் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் தடுப்பார் எவரும் இலர். செம்பியன் மாதேவியாரின் ஆணையோ வேறாக இருந்தது. பழைய கற்களில் இருந்த வாசகங்கள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டப்பட்டவை 26 கல்வெட்டுகள். இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டது. மூலம் எது, படி எது என்பதில் குழப்பம் நேராதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இதன் பயன் இருவகைப்பட்டது. கல்வெட்டு என்பது புகழுரை மட்டுமன்று. அது சட்ட ஆவணமுமாகும். நிலத்தின் எல்லை, நெல்லின் அளவு, கடமையை ஏற்றவர் பெயர் ஆகியன அதிலே இருக்கும். கல் அழிந்தால் ஏற்றவர் கடமை தவறுதல் எளிதாகும், விளக்கு அணையும், அதனை நம்பி வாழ்ந்தோர் ஊதியம் இழப்பர். பழங்கல்லைப் படியெடுத்ததால் அந்த உரிமைகள் தொடர்ந்தன. வரலாற்றுக்கும் அது பெரும்பேறாயிற்று. மூலக்கற்கள் மறைந்தபின், பல்லவர், பாண்டியர் காலச் செய்திகளை இன்றைய ஆய்வாளர் அறிவது அந்தப் படிகளின் வாயிலாகவே. பழைய ஓலைச்சுவடிகளைப் படியெடுத்து இலக்கியத்தைக் காத்த சான்றோரின் பணியோடு ஒப்பிடத்தக்கது இது.

மகன் ஆட்சியும் காஞ்சியும்

சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொலையில் தொடர்புடையோரின் நிலங்கள் பின்னர் இராசராசன் ஆட்சியில் கைப்பற்றப்பட்ட செய்தியை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. அக்கொலையை அடுத்த காலத்தில் மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். சிறிய தந்தையாகிய அவனுக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரை தாம் அதனை விரும்புவதில்லை என இராசராசன் ஒதுங்கியிருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. குடிக்குள் பிணக்கு முற்றக்கூடிய அக்காலத்தில், இரு கிளையினரின் மதிப்பையும் பெற்ற மூத்தோராகச் செம்பியன் மாதேவியார் விளங்கினார். உத்தம சோழரைத் திருவயிறு வாய்க்கப்பெற்ற பிராட்டியார் எனக் கல்வெட்டுகள் அவரைச் சிறப்பிக்கின்றன.

அதற்குள் காஞ்சி மீண்டும் சோழர் ஆட்சிக்கு வந்திருந்தது. உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியில், ஊரகம் என்னும் திருமால் கோயிலுக்கு உரிய வருவாய்களை அவை முறைப்படுத்துகின்றன. நகரில் நிறுத்தும் பொருள்களுக்கும் அளக்கும் பொருள்களுக்கும் பெறப்பட்ட கட்டணம் அக்கோயிலுக்கு உரியதாக்கப்பட்டது. கோயில் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, நகரின் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. காஞ்சியிலும் வாலாஜாபாத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்றும் ஒலிக்கும் தறிகளுக்கு அத்துணைத் தொன்மை உண்டு. தறியில் அமர்ந்து உழைத்தவர்மேல் அரசு வைத்த நம்பிக்கையை அச்செப்பேடுகள் காட்டுகின்றன. தாய் சிற்பாசிரியரின் பெயரைச் சுவரில் எழுதச் செய்தார். மகனின் ஆட்சி நெசவாளரின் கடமையையும் உரிமையையும் செப்பில் எழுதியது.

மருமகளிர் கொண்டாடிய பிறந்தநாள்

நாகப்பட்டினத்தை அடுத்துச் செம்பியன் மாதேவி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கயிலாயநாதர் கோயிலுக்கு உத்தம சோழனின் தேவியர் பலர் கொடைகள் வழங்கினர். தம் மாமியாராகிய பெருந்தேவியின் பிறந்த நாண்மீனாகிய சித்திரைக் கேட்டையன்று சிறப்பு வழிபாடு நடக்க அவர்கள் நிலமும் பொன்னும் அளித்தனர். இலக்கியங்களும் பழமொழிகளும் மாமியார் மருமகளிடையே பிணக்கையே மிகுதியாகப் பேசும். அரண்மனையில் வாழ்ந்த மருமகளிர் பலர் ஒன்றுகூடி ஒரு மாமியாரின் பிறந்தநாளைக் கொண்டாடக் கொடையளித்த செய்தி எண்ணத்தக்கது.

985ஆம் ஆண்டில் இராசராசன் அரியணை ஏறினான். அவனுக்கும் அவன் தமக்கை குந்தவைக்கும் செம்பியன் மாதேவியார் பாட்டி முறையினர். மகன் ஆட்சி முடிந்தபின்னும் அவருடைய கொடைகள் நிற்கவில்லை. இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டாகிய 1001ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அவர் கற்றளி எடுப்பித்தார். 941இல் ஒரு விளக்கோடு தொடங்கிய பணி அறுபது ஆண்டுகளைக் கடந்து நடைபெற்றது. பராந்தகன் முதல் இராசராசன் வரை ஆறு மன்னர்களின் ஆட்சியை அவர் கண்டார். அவர்களுட் சிலர் வெற்றி பெற்றனர்; சிலர் தோற்றனர். அவரோ தம் அறப்பணியைக் கைவிடவில்லை.

எஞ்சிய உருவம்

முதலாம் இராசேந்திரன் காலத்தில் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவரது திருமேனி நிறுவப்பட்டு, அதன் வழிபாட்டுக்கும் கொடை அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் வாசிங்டன் நகரிலுள்ள ஃபிரீயர் கலைக்கூடத்தில் சோழர் காலப் பெண் திருமேனி ஒன்று உள்ளது. நீண்ட கைகளும் உயர்ந்த முடியும் தாழ்ந்த விழிகளும் கொண்ட அதனைச் செம்பியன் மாதேவியாரின் உருவமாகவே அறிஞர் பலர் கருதுகின்றனர். அத்திருமேனியில் எழுத்து எதுவும் இல்லை. பிறர் பெயர்களையெல்லாம் கல்லில் காத்தவரின் உருவமாகக் கருதப்படும் ஒன்று, பெயரின்றிக் கடல்கடந்து நிற்கிறது.

கல்கியின் பொன்னியின் செல்வன் என்னும் புதினத்தின் வாயிலாகச் செம்பியன் மாதேவியாரைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். புதினம் காட்டும் உருவம் கற்பனை கலந்தது. அவர் எடுப்பித்த சுவர்கள் காட்டும் உருவத்தை, நேரிற் சென்று எழுத்துக்கூட்டிப் படிக்க முயலும் எவரும் காணலாம். அங்கே தோல்வியுற்ற நாட்டை ஏற்ற கணவன் இருக்கிறான். ஆலத்தூரைச் சேர்ந்த சிற்பாசிரியர் இருக்கிறார். சோழருக்கு முன்பே விளக்கேற்றிய பல்லவ நாட்டாரும் பாண்டிய நாட்டாரும் இருக்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் இடம் தந்தபின் எஞ்சிய இடத்தில் செம்பியன் மாதேவியாரின் பெயரும் இருக்கிறது.

அப்பெயர்களுக்கு இன்றும் இடர் உண்டு. திருப்பணியின்போது கல்வெட்டின்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசுவதும், எழுத்துள்ள கற்களை இடம்மாற்றி அடுக்குவதும், மணலை வீசித் தூய்மை செய்வதால் எழுத்துகள் தேய்வதும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது பழங்கற்களின் எழுத்துகளைப் படியெடுக்கச் சொன்ன ஆணை ஒன்று இந்த மண்ணில் பிறந்தது. அதனைப் பின்பற்றும் பொறுப்பு, கோயில் உள்ள ஒவ்வோர் ஊரினருக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரிலோ அண்மையிலோ உள்ள பழங்கோயிலுக்குச் சென்று, கல்வெட்டுகள் எவ்வெவ்விடங்களில் உள்ளன என்பதைப் பட்டியலிடுக. அவற்றின் நிலையைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உம் ஊரின் பள்ளி, நூலகம், குளம் ஆகியவற்றுள் ஒன்றை அமைக்க உழைத்தவர், பொருள் ஈந்தவர் ஆகியோரின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. திருக்கோடிக்காவல் கோயிலில் பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்படாமல் இருந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்புகளைப் பற்றிக் கட்டுரை வரைக.